வலிக்கு ஓர் எண்

மே 6

என் குண்டூசிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீ போய்ச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்: எப்படி இருக்கிறாய்? அந்த ஊர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?

கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கடிதம் மட்டும்தான் என்று உங்கள் பெரிய மேடம் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. அப்பாவுக்கோ ஒரே குஷி. "நல்லதாப் போச்சு. இல்லேன்னா மணிக்கொரு தரம் போன் போட்டு அவ உயிரை எடுப்ப" என்றார். ஆனால் நீ போனதே அவருக்குப் பிடிக்கவில்லை. டிப்போவில் நாள் முழுக்க பஸ்ஸுக்கு அடியில் படுத்து பிரேக் பார்க்கிற மனுஷர். எதைக் கண்டாலும் இது எங்கே போய் இடிக்கும் என்றுதான் யோசிப்பார். "பன்னெண்டு வயசுப் பொண்ணு தலைகீழாப் பறக்கணும்னு என்ன தலையெழுத்து? நாளைக்கு ஒண்ணுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்கிறார். கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆறு வருடம் விடியற்காலையில் உன்னை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிப்போய், அந்த ஜிம் வராந்தாவில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆகஸ்ட் வரைக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் முகாம். முப்பத்தாறு பேரில் எட்டுப் பேரை எடுத்து வருடம் முழுக்க அங்கேயே தங்கிப் பழக வைப்பார்கள். எட்டில் ஒருத்தியாக வா. நான் கேட்பது அவ்வளவுதான்.

பேங்கில் வழக்கம்போலக் கையெழுத்துகளோடு மாரடிக்கிறேன். இன்றைக்கு ஒரு பெரியவர் தன் கையெழுத்தையே மறந்துவிட்டு மூன்று விதமாகப் போட்டுக் காட்டி, "இதுல உனக்கு எது பிடிச்சிருக்கோ அதை வெச்சுக்கம்மா" என்றார்.

உன் கடிதம் வந்தால் அப்பா சாப்பிடும்போது நான் சத்தமாகப் படிப்பதாக ஏற்பாடு. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட அவருக்குச் சோம்பல்.

உன் அம்மா

*

மே 19, ஞாயிறு

அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு விட்டதா?

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து எழுதுகிறோம். முடித்ததும் நாங்களே கவரில் முகவரி எழுதிக் கொடுப்போம். வார்டன் அக்கா வாங்கித் தாளை உள்ளே போட்டு ஒட்டி, அவரே நடந்துபோய்த் தபாலில் சேர்ப்பார். நெட்டை ஒரு பக்கத்தோடு முடித்துவிட்டுக் கொட்டாவி விடுகிறாள். அவள் என் மேல் கட்டில். எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். "நான் பார்ல தொங்கினா கால் தரையில இடிக்குது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இன்னொருத்தி பொடிசு. எட்டு வயது. நான் எப்படித் தலை பின்னுகிறேனோ அப்படியே பின்னிக்கொள்கிறாள், நான் தண்ணீர் குடித்தால் அவளும் குடிக்கிறாள்.

முதல் வாரம் முழுக்க விழுவதற்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பெரிய பள்ளம் நிறைய பஞ்சுக் கட்டிகள், அதில் குதிக்க வேண்டும். விழும்போது கையைப் பின்னால் ஊன்றக் கூடாதாம். தோளைச் சுருட்டி உருள வேண்டுமாம். ஆறு வருடமாக நான் தப்பாகவே விழுந்திருக்கிறேன்! அப்பாவிடம் சொல், இங்கே முதலில் பிரேக் பிடிக்கத்தான் கற்றுத்தருகிறார்கள் என்று.

காலை ஆறரைக்கு நீல மெத்தையில் வரிசையாக நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்ட வேண்டும். மேடம் ஒவ்வொருவரிடமும் "எண்?" என்பார். எவ்வளவு வலிக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்ல வேண்டும். பலகையில் எழுதிக்கொள்வார். ஐந்தோ அதற்கு மேலோ சொன்னால் அன்றைக்குத் தாண்டுவது கிடையாது, ஓரமாக உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

இது மூன்றாம் பக்கம். அம்மா, வலது மணிக்கட்டு பத்து நாளாகக் கடுக்கிறது. கையூன்றி நிற்கும்போது உள்ளே யாரோ பிடித்துக் கிள்ளுகிற மாதிரி இருக்கிறது. ஆறு இருக்கும். ஆனால் உட்கார்ந்துவிட்டால் எட்டில் வர முடியாதே, அதனால் பூஜ்யம் என்றே சொல்கிறேன். அது சரிதானே? மேடத்திடம் சொல்ல வேண்டும் என்றால் எழுது, சொல்லிவிடுகிறேன்.

உன் குண்டூசி

*

மே 28

என் குண்டூசிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவின் இடுப்பு பரவாயில்லை. உன் கடிதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். விழுவதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அட, பரவாயில்லையே! விவரமான பொம்பளைதான் போல" என்று உங்கள் மேடத்துக்கு ஒரு சர்டிபிகேட். மறுநாள் டிப்போவில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது. நெட்டையின் கால் இடிக்கிற கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

பொடிசைப் பார்த்துக்கொள். உன்னைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும்.

நேரத்துக்குச் சாப்பிடு. எதையாவது போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது.

உன் அம்மா

*

ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நலம். தாங்களும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பயிற்சி நல்லபடியாக நடக்கிறது. பீம் கட்டையின் மேல் திரும்புவது இப்போது எளிதாக இருக்கிறது. இந்த வாரம் பன்னிரண்டு பேரின் பட்டியல் வெளியானது. அதில் நானும் இருக்கிறேன். பன்னிரண்டிலிருந்து எட்டுப் பேரை எடுப்பார்கள். காலை எண் வழக்கம்போல் பூஜ்யம். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கள் மகள்

*

ஜூன் 20

என் குண்டூசிக்கு,

பன்னிரண்டில் ஒருத்தியா! பேங்கில் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை சொல்லிவிட்டேன். உடம்பு எல்லாம் நன்றாக இருக்கிறதுதானே? இங்கே நாங்கள் நலம்.

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. காலாண்டுக் கணக்கு, மூச்சுவிட நேரமில்லை.

உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. முகாமில் அதற்கும் பயிற்சி உண்டா? அப்பாதான் கிண்டல் பண்ணினார். "தாங்களாம்ல! நம்ம வீட்டுல யாருடி அந்தத் தாங்கள்?" என்றார். நானும் சிரித்தேன்.

இன்னும் நாலு பேர்தான். கொஞ்சம் தாக்குப்பிடி.

உன் அம்மா

*

ஜூன் 28

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். முகாமின் தலைமைப் பயிற்சியாளர் எழுதுகிறேன். பதறாமல் படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் மகளின் வலது மணிக்கட்டில், வளரும் எலும்பின் நுனியில் விரிசல் கண்டிருக்கிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்னும் ஒரு மாதம் இப்படியே போயிருந்தால் அந்தக் கையின் வளர்ச்சியே நின்றிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இப்போது பயமில்லை.

இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அவளே சொன்னாள். ஏழு வாரம் தினமும் அவள் சொன்ன பூஜ்யத்தை நான் நம்பிப் பலகையில் எழுதினேன். அது என் தவறு, அதற்காக வருந்துகிறேன்.

பட்டியலில் இந்த வருடம் அவள் இருக்க முடியாது. ஆனாலும் அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாண்டாமல் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளை கற்றுக்கொள்வது நிறைய. அதற்கும் சேர்த்துத்தான் இந்த முகாம்.

ஒரு விவரம் மட்டும் தேவை. வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்கிறார். அவள் வாயைத் திறக்க மறுக்கிறாள். உங்களுக்கு எழுதிய கடிதங்களில் ஏதாவது குறிப்பிட்டிருந்தாளா?

*

ஜூன் 30, ஞாயிறு

அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. கை தோளில் தொங்குகிறது. இதை நெட்டைதான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. போன கடிதமும் அவள்தான் எழுதினாள். எனக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. அவள் வீட்டில் அம்மாவைத் 'தாங்கள்' என்றுதான் எழுதுவார்களாம், அப்படியே எழுதிவிட்டாள். முத்து முத்தாக இருக்கிறது என்று நீ எழுதினதைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

வியாழக்கிழமை காலை வரிசையில் பொடிசு எனக்கு முன்னால் நின்றாள். அவள் கணுக்கால் பன் மாதிரி வீங்கி இருந்தது. மேடம் "எண்?" என்றார். அவள் தலையைத் தூக்கி "பூஜ்யம்" என்றாள். அது என் குரல், அம்மா. நான் எப்படிச் சொல்வேனோ அதே மாதிரி. அடுத்தது நான். "ஏழு. அவளுக்கும் பூஜ்யம் இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வெறும் சுளுக்குத்தான்.

(இது நெட்டை: அவள் அழுகிறாள். அதை எழுதாதே என்கிறாள்.)

மே மாதமே உனக்கு எழுதியிருந்தேன் அம்மா, மூன்றாம் பக்கத்தில். நீ அதற்கு ஒன்றுமே எழுதவில்லை. யோசித்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் உனக்கு வரவே இல்லை போலிருக்கிறது. கவரில் போடும்போது விழுந்திருக்கும். வந்திருந்தால் நீ அன்றைக்கே ஓடி வந்திருப்பாய்.

உன்னை ஏமாற்றிவிட்டேன். எட்டிலும் இல்லை. மன்னித்துக்கொள்.

குண்டூசி

*

ஜூலை 5

என் கண்ணே,

நாங்கள் நலம். எங்களைப் பற்றி நினைக்காதே. அப்பா முதலில் குதித்தார், பிறகு மேடத்தோடு பேசிவிட்டு அடங்கினார். "சொன்னது அவளேதானே? அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆமாம், இரண்டு பக்கம்தான் வந்தது. மேடத்துக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

நீ என்னை ஏமாற்றினதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. மன்னித்தாகிவிட்டது. கையை நனைக்காமல் பார்த்துக்கொள்.

உன் அம்மா

*

ஜூலை 14, ஞாயிறு

அம்மா,

இன்றும் நெட்டைதான் எழுதுகிறாள். கட்டுக்குள்ளே அரிக்கிறது, மற்றபடி நலம். நீயும் அப்பாவும் நலம்தானே?

நீ மன்னித்துவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்குச் சாப்பிடவே பிடித்தது. மேடம் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து மார்க் போடக் கற்றுத்தருகிறார். தரையிலிருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது, நெட்டை தாண்டும் முன்பே இடது பக்கம் சாய்கிறாள். சொன்னேன். சரிசெய்துவிட்டாள். அவள் எட்டில் வந்துவிட்டாள் அம்மா!

ஒரு சங்கடம். மூன்றாம் பக்கம் தொலைந்த விஷயத்தில் மேடம் வார்டன் அக்காவைக் கூப்பிட்டு எல்லோர் எதிரிலும் கேட்டார். "ஒரு குழந்தை வலிக்குதுன்னு எழுதின தாள் அது. எப்படித் தொலையும்?" என்றார். இப்போது கடித வேலை அக்காவிடம் இல்லை. அக்கா மூன்று நாளாக அலமாரியை எல்லாம் நகர்த்தி அடியில் தேடுகிறார். "நான் எண்ணித்தான் போட்டேன் பாப்பா, மூணும் போட்டேன்" என்று சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நான்தான் சிடுசிடுத்தேன். எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க என்று சொன்னேன்.

குண்டூசி

*

ஜூலை 19

குண்டூசி,

நலம் என்று தொடங்க இன்றைக்குக் கை வரவில்லை.

இனித் தேட வேண்டாம் என்று வார்டன் அக்காவிடம் சொல். மூன்று பக்கமும் வந்தன. மூன்றாம் பக்கம் பேங்கில் என் மேசை இழுப்பறையில், கையெழுத்து அட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. நானே கொண்டுபோய் வைத்தேன்.

அன்று பஸ்ஸிலேயே மூன்றையும் படித்துவிட்டேன். வீட்டில் அப்பாவுக்கு இரண்டு பக்கம் படித்தேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். மூன்றாவதைப் படித்திருந்தால் அவர் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பி வந்து உன்னைக் கூட்டிப்போயிருப்பார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆயுசுக்கும் சொல்லியிருப்பார். அதைவிட, எட்டில் உன் பெயர் இல்லாமல் போய்விடுமே என்று பயந்தேன். விளையாடுகிற பிள்ளைக்குக் கை கடுக்காதா, இரண்டு நாளில் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லட்டுமா என்று நீ கேட்டாய். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பதில் எழுதவில்லை.

ஜூனில் அந்த அழகான கடிதம் வந்தது. நான் ஒரு நாளைக்கு முந்நூறு கையெழுத்துப் பார்க்கிறவள். நீ பேனாவை அழுத்துகிற அழுத்துக்குத் தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டும். அந்தத் தாள் வழவழவென்று இருந்தது. 'தாங்கள்' வரைக்கும் போகவே வேண்டியதில்லை, கவரில் முகவரியைப் பார்த்த உடனேயே அது உன் கை இல்லை என்று தெரிந்துவிட்டது. உன்னால் எழுத முடியவில்லை என்றும் தெரிந்தது. அத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது காலாண்டுக் கணக்கால் இல்லை. கடைசியில் உட்கார்ந்து, முத்து முத்தாக இருக்கிறது என்று எழுதினேன்.

நீ என்னை ஏமாற்றவில்லை. நீ மன்னிப்புக் கேட்டாய், நானும் பெரிய மனுஷி மாதிரி மன்னித்தேன். அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேடத்துக்கும் இதே தபாலில் எழுதியிருக்கிறேன். வலி மே பத்தாம் தேதிவாக்கில் தொடங்கியது, எனக்குத் தெரியும், வார்டன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தேன், பிரேக் ஆயிலைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

திட்டியாவது எழுது.

அம்மா

*

ஆகஸ்ட் 1

கண்ணே,

இரண்டு ஞாயிறு போய்விட்டது. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது, அவர் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "என்னம்மா, லெட்டர் ஒண்ணும் இல்லே" என்று அவரே மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்கிறார்.

கை எப்படி இருக்கிறது? அதையாவது நெட்டையை விட்டு எழுதச் சொல். ஒரு வரி போதும்.

அம்மா

*

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மா,

இது என் இடது கை. இந்தக் கடிதத்தை நெட்டையிடம் சொல்லி எழுத முடியாது. அதனால்தான் பழகினேன். பழக இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. கோணல்மாணலாக இருக்கும், பின்பக்கம் தடவிப் பார், இது நான்தான்.

வலது கை: இரண்டு. வரும் வியாழன் கட்டுப் பிரிக்கிறார்கள்.

கோபம்: எட்டு. போன ஞாயிறு பத்து.

மேடம் எல்லோர் எதிரிலும் வார்டன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அக்கா என் தலையைத் தடவிவிட்டு, அலமாரியைப் பழைய இடத்துக்கு நகர்த்தப் போனார். கடித வேலையை மறுபடி அவரிடம் கொடுத்தார்கள். இப்போது ஒவ்வொருத்தி கண் முன்னாலும் பக்கத்தைச் சத்தமாக எண்ணிக் காட்டித்தான் ஒட்டுகிறார். இதற்கு இரண்டு பக்கம்.

பதினெட்டாம் தேதி முகாம் முடிகிறது. நீயும் அப்பாவும் முந்தின நாளே வந்துவிடுங்கள். மூன்றாம் பக்கத்தை இழுப்பறையிலிருந்து எடு. கிளம்புவதற்கு முன்னால் அப்பா சாப்பிடும்போது அதைப் படித்துக் காட்டு, சத்தமாக, கடைசி வரி வரைக்கும். அப்புறம் அதை இங்கே கொண்டுவந்து வார்டன் அக்கா கையில் நீயே கொடு. அவர் இவ்வளவு நாள் தேடினார் இல்லையா?

அடுத்த கோடைக்கும் வரச் சொல்லி மேடம் என் பெயரை எழுதிக்கொண்டார். நான் சரி என்றேன். உன்னைக் கேட்கவில்லை.

கடைசி நாள் காலை ஆறரை வரிசையில் அப்பா அம்மாக்களும் நிற்க வேண்டுமாம். நீ எனக்குப் பக்கத்தில் நில். கையை முன்னால் நீட்டு. மேடம் உன்னிடமும் கேட்பார்.

பூஜ்யம் என்று சொல்லாதே.

குண்டூசி